கிளிமூக்கு: ஆல்பம் அட்டையில் தமிழ்ப் பெயரை எப்படி எழுதுவது?

டிடிபி அக்கா, கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு டிடிபி, ஃபிளெக்ஸ் கடையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், மாங்கூழ் டப்பாவுக்கு லேபிள் என்று எல்லாம் செய்திருக்கிறேன். பாட்டு ஆல்பத்துக்கு மட்டும் அட்டை செய்ததில்லை. இப்போது அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

என் தம்பியும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஆறு பாட்டு பதிவு செய்திருக்கிறார்கள். கிட்டார், கீபோர்டு, அதோடு பம்பை. சினிமாவுக்கு இல்லை, சொந்தப் பாட்டு. குழுவுக்கும் ஆல்பத்துக்கும் ஒரே பெயர், கிளிமூக்கு. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மண்டியில் பெங்களூரா என்பார்கள், வடக்கே தோத்தாபுரி என்பார்கள், வீட்டில் உப்பு மிளகாய்த்தூள் போட்டுச் சாப்பிடும்போது கிளிமூக்கு. நான்கு பேரும் படிக்கும் காலத்தில் கோடை விடுமுறையில் தோப்பு வேலைக்குப் போனவர்கள். முதல் கிட்டாரே அந்தக் கூலியில் வாங்கியதுதான்.

பாட்டுகளை இணையத்தில் ஏற்றிக் கொடுக்கிறவர்கள் 3000 × 3000 பிக்சலில் சதுரமாக ஒரு படம் கேட்கிறார்கள். அதைச் செய்வது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் கேட்கிறவர் போனில் அந்தச் சதுரம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரிகிறது. அந்த இடத்தில்தான் திணறுகிறேன்.

முதலில் கடையில் இருக்கிற தடித்த எழுத்துருவில் போட்டேன். பெரிதாகப் பார்த்தால் பேனர் மாதிரி இருந்தது, சிறிதாக்கினால் மூவின் வயிறு அடைத்துக்கொண்டு ஒரு கறுப்பு உருண்டை ஆனது. அடுத்து ஆங்கில எழுத்தில் போட்டுப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் தம்பியின் பெங்களூர் சிநேகிதன் ஒருவன் அதைப் பார்த்து "கிலிமுக்கு" என்று வாசித்தான். ளகரமும் போயிற்று, நெடிலும் போயிற்று. மூக்கு இல்லாத கிளிமூக்கு எதற்கு என்று தம்பி அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மூன்றாவதாக, தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகல் எழுத்து மாதிரி செய்யலாம் என்று கீபோர்டு வாசிக்கிற பையன் சொல்கிறான். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் யார் படிப்பார்கள்?

இன்னொரு பயமும் உண்டு. போன மாதம் இதே பெயரில் 300 ஸ்டிக்கர் அடிக்க வெளியூர் அச்சகம் ஒன்றுக்குக் கோப்பு அனுப்பினேன். அவசரத்தில் கர்வ் போடாமல், அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றாமல், அனுப்பிவிட்டேன். வந்து சேர்ந்த ஸ்டிக்கரில் மூ உடைந்து, ம தனியாகவும் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தோடு அதன் வால் தனியாகவும் கிடந்தது. அங்கேயும் ஒருவர் கண்ணில்கூட அது படவில்லை. 300 ஸ்டிக்கரும் மேசைக்கு அடியில் கிடக்கின்றன. ஆல்பத்துக்கு இப்படி ஆகிவிடக் கூடாது.

தமிழ்ப் பெயர் தமிழாகவே இருக்க வேண்டும், நகம் அளவிலும் படிக்க வேண்டும், பார்த்ததும் இவர்கள்தான் என்று தெரிய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

ஓசூர் பஸ்

அக்கா, நான் ஓசூர். தினமும் பெங்களூருக்குப் போய் வரும் வடிவமைப்பு வேலை. பஸ்ஸில் உட்கார்ந்து உங்கள் ஐந்து எழுத்தையும் நோட்டில் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன், அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

எந்த எழுத்துரு என்று தேடத் தொடங்குவதற்கு முன்னால் உங்கள் சொல்லை உற்றுப் பாருங்கள். கிளி என்ற பாதியில் இரண்டு எழுத்துக்கும் கொக்கி மேலே இருக்கிறது. கீழே எதுவும் தொங்கவில்லை. மூக்கு என்ற பாதியில் மூவும் குவும் கீழே இறங்குகின்றன. மேலே ஒரே ஒரு புள்ளிதான். அதனால் ஒரே வரியில் எழுதினால் இடது பக்கம் தலை தூக்கியும் வலது பக்கம் கால் நீட்டியும் சாய்ந்த மாதிரி தெரியும். சதுர அட்டையில் நீளமான வரி சிறுத்தும் போகும். கிளி மேலே, மூக்கு கீழே என்று இரண்டு வரியாக அடுக்குங்கள். கொக்கிகள் மேல் பக்கம் போய்விடும், வால்கள் கீழ்ப் பக்கம் போய்விடும், நடுவில் இடைவெளி சுத்தமாக இருக்கும். நடுவில் நிற்பது ககரப் புள்ளி ஒன்றுதான். அதற்கு மட்டும் இடம் விட்டால் இரண்டு வரியையும் ஒட்டி வைக்கலாம். தமிழில் எல்லாச் சொல்லுக்கும் இந்த வசதி கிடைக்காது. உங்களுக்குத் தானாக அமைந்திருக்கிறது.

மேல் வரியில் இரண்டு எழுத்து, கீழ் வரியில் மூன்று. அகலம் ஒத்துவர, ஏக் டைப் குழு செய்த அனேக் தமிழ் எழுத்துருவை வைத்துத் தொடங்கிப் பாருங்கள். அதில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். மேல் வரியை அகலமாக, கீழ் வரியைக் கொஞ்சம் ஒடுக்கமாக வைத்தால் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் உட்காரும். இலவச உரிமத்தில் கிடைக்கிறது, வணிக வேலைக்கும் தடையில்லை. ஆனால் மிகத் தடித்த வகையைத் தொடாதீர்கள். ளவின் சுழியும் மூவின் வயிறும் அடைவது அங்கேதான்.

அப்புறம், முத்திரை. ஆப்பா (ABBA) என்ற சுவீடன் பாட்டுக் குழுவின் பெயரை நினைத்துப் பாருங்கள். 1976இல் ரூன் சோடர்க்விஸ்ட் என்ற சுவீடன் வடிவமைப்பாளர் செய்தது. எழுத்து நியூஸ் காதிக், அலங்காரம் எதுவும் இல்லாத சாதாரணத் தடித்த எழுத்து. அவர் செய்தது ஒன்றே ஒன்று, முதல் பியை முகம் திருப்பி வைத்தார். இரண்டு ஜோடிகள் இருந்த குழு அது. இரண்டு பியும் ஆளுக்கொரு ஏயைப் பார்த்து நிற்கின்றன. நான்கு எழுத்தில் மூன்றைத் தொடவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் மனதில் வைத்திருக்கும் பாடம் அது. தமிழில் எழுத்தைத் திருப்பிப் போட முடியாது, படிக்கிறவர் பிழை என்றுதான் நினைப்பார். ஆனால் ஒரே இடத்தில் மட்டும் கை வைக்கலாம். உங்கள் பெயரில் க மூன்று முறை வருகிறது. அந்த மூன்றையும் ஒரே மாதிரி வைத்துவிட்டால் பாதிப் பெயர் தானாக ஒழுங்காகிவிடும். கை வைக்க வேண்டிய எழுத்து எது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குத் தோன்றுவது ளியின் கொக்கி. வளைந்து இறங்கும் அதைக் கிளி அலகாக மாற்றலாம்.

எழுத்து உடைவதற்கு மருந்து இருக்கிறது. போட்டோஷாப்பின் பழைய பதிப்பு என்றால் அதன் அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளையும் கையாளும் தேர்வுக்கு மாற்றிவிட்டுப் புதிதாகக் கோப்பைத் திறங்கள். மாற்றாவிட்டால் மென்பொருளுக்கு ம வேறு, வால் வேறு. முடித்ததும் கர்வ். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய கேசட், தர்மபுரி

அம்மா, நகம் அளவு என்று நீங்கள் சொன்னதைப் படித்ததும் என் கடை ஞாபகம் வந்துவிட்டது. தர்மபுரியில் 17 வருடம் கேசட் கடை வைத்திருந்தேன். பாட்டுப் பட்டியல் கொண்டுவந்து கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து கொடுப்போம், கம்பெனி கேசட்டும் விற்போம்.

இசைத்தட்டின் உறை ஒரு அடிக்கு ஒரு அடி. அதில் எழுத்தைத் தாராளமாகப் பரப்பலாம். கேசட் வந்ததும் முன்பக்கம் உள்ளங்கையை விடச் சிறியதாகிவிட்டது. அந்த முன்பக்கம்கூடக் கடையில் தெரியாது. அலமாரியில் அடுக்கினால் வெளியே தெரிவது முதுகு மட்டும்தான், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான ஒரு பட்டை. வாடிக்கையாளர் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்தப் பட்டையை வாசித்துத்தான் எடுப்பார். அட்டை முழுக்கப் படமும் பூவேலையும் செய்துவிட்டு முதுகில் பொடி எழுத்தில் பெயர் போட்ட கேசட்டுகள் என் கடையில் தூசி பிடித்துக் கிடந்தன, பாட்டு நன்றாக இருந்தும்கூட. நானே வெள்ளைத் தாளில் பெயரை எழுதி முதுகில் ஒட்டி அவற்றை விற்றிருக்கிறேன். எதிரே வாடிக்கையாளர் நின்ற தூரத்திலிருந்து படிக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் ஒட்டுவேன். உங்கள் பிரச்சினை புதியதில்லை. முதலில் முதுகை எழுதுங்கள், அட்டை பிறகு வரட்டும்.

நடுகல் பற்றி: அந்த அருங்காட்சியகத்துக் கற்களை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். வட்டெழுத்து, இன்று நம்மால் வாசிக்க முடியாது. அதை அப்படியே எடுத்து அட்டையில் வைத்தால் அழகான கோடுகளாகத்தான் இருக்கும், பெயர் சொல்லாது. பழைய எழுத்திலிருந்து எடுப்பது தப்பில்லை. ஏசி/டிசி (AC/DC) என்ற ராக் குழுவின் பெயரை ஜெரார்டு ஹுவெர்ட்டா 1977இல் வரைந்தபோது, பழைய காலத்து அச்சுப் புத்தகமான குட்டன்பர்க் பைபிளின் எழுத்துச் சாயலைத்தான் எடுத்தார். ஆனால் அந்த நான்கு எழுத்தையும் இன்று யாரும் வாசித்துவிடலாம். சாயலை எடுங்கள், எழுத்து இன்றையதாகவே இருக்கட்டும். உளி வெட்டின முனை மாதிரி கோட்டின் நுனியைச் சற்றுத் தட்டையாக்கினால் போதுமே.

நம்ம ஊர்ப் பொருளிலிருந்து தொடங்கினால் வெளியூர்க்காரருக்குப் புரியாது என்று பையன்கள் தயங்க வேண்டாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நாக்குச் சின்னத்தை உலகமே அறியும். 1970இல் ஜான் பாஷ் என்ற மாணவர் வரைந்தது, 50 பவுண்டு கொடுத்தார்கள். அவருக்கு முதலில் காட்டப்பட்ட படம் நம் காளியின் நாக்கு. மூல ஓவியத்தை 2008இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிவிட்டது. நம்ம ஊர்க் கோவிலில் தினமும் பார்க்கிற நாக்கு, யாரோ ஒருவர் கண்ணில் புதிதாகப் பட்டிருக்கிறது.

பாலக்கோடு

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது அக்கா. இரண்டு வருடமாக நண்பர்களின் பாட்டுகளை நான்தான் தளங்களில் ஏற்றுகிறேன். அட்டையில் இருக்கும் பெயரும் படிவத்தில் எழுதும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். தொலைபேசி எண், விலை, இணைய முகவரி எதையும் அட்டையில் போடக் கூடாது. பேனர் பழக்கத்தில் செல் நம்பர் போட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதிவிட்டால் தேடுவதும் சுலபம்.

எழுத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றும் தோன்றுகிறது. 2024இல் சார்லி எக்ஸ்சிஎக்ஸ் என்ற இங்கிலாந்துப் பாடகி வெளியிட்ட பிராட் ஆல்பத்தின் அட்டை என்ன? பச்சைச் சதுரம், நடுவில் சாதாரண ஏரியல் எழுத்து, அதுவும் மங்கலாக. உலகம் முழுக்க அந்தப் பச்சையைப் பார்த்தே அடையாளம் சொன்னார்கள். நிறத்தைப் பிடியுங்கள்.

டிடிபி அக்கா, கிருஷ்ணகிரி

நிறத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. பச்சை மாங்காய்க்குப் பச்சைதான் என்று நானும் முதலில் வைத்தேன், இப்போது மாற்றப்போகிறேன், அதைப் பார்த்தால் அந்த ஆல்பம்தான் ஞாபகம் வரும். கூழ் மஞ்சள் இருக்கிறது. ஆனால் அந்த அட்டையின் எழுத்தை ஒரு தடவை பார்த்ததும் வாசித்துவிட்டார்கள் இல்லையா? எங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் தப்பாக வாசிக்கிறார்களே, அதுதான் என் வருத்தம். படிவத்தில் என்ன எழுதுவது என்று ஏற்றுகிறவர்களிடமே கேட்டுக்கொள்கிறேன். அட்டையில் ளகரம் இருக்க வேண்டும்.

ஓசூர் தம்பி, இரண்டு வரியாக அடுக்கிப் பார்த்தேன். உடனே நிமிர்ந்துவிட்டது. ளியின் கொக்கியை அலகாக்கியும் பார்த்தேன். கிளி மாதிரிதான் இருக்கிறது, அதுதான் இடிக்கிறது. பறவை வந்துவிட்டது, மாங்காய் வரவில்லை. நான்கு பையன்களும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

சந்தூர் பெயின்டர்

வணக்கம் மா. நான் சந்தூர். பேத்திதான் டைப் அடிக்கிறாள். 30 வருடம் போர்டு எழுதினேன். போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டணம் எல்லாப் பக்கமும் மாங்காய் மண்டிக்கு எழுதியிருக்கிறேன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை இல்லை, இப்போது தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன். உன் தொழில் மேல் எனக்குக் கோபம் இல்லை மா, காலம் அப்படி.

நீங்கள் மூக்கை மேலே தேடுகிறீர்கள். மாங்காயில் மேலே இருப்பது காம்பு. கிளிமூக்குக்கு மூக்கு அடியில்தான் இருக்கும். ஒரு காயைக் கையில் எடுத்துப் பார், காம்பைப் பிடித்துத் தொங்கவிட்டால் மூக்கு கீழே பார்த்து ஒரு பக்கம் வளைந்து நிற்கும். உன் பெயரில் கீழே இறங்கி வளைகிற எழுத்து எது? மூ. மூக்கு என்ற சொல்லே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த வாலைக் கொஞ்சம் தடிப்பாக இறக்கி, நுனியில் கூராக்கி விடு. கொக்கியைத் தொடாதே.

வாலை வரையும்போது ஒன்று கவனி. நாங்கள் நூலடித்துக் கோடு போட்டு, பிரஷ்ஷை வைத்து இழுக்கும்போது, இறங்குகிற இடத்தில் அழுத்துவோம், திரும்புகிற இடத்தில் கையைத் தூக்குவோம். அதனால் தடிப்பும் மெலிவும் தானாக வரும். கம்ப்யூட்டரில் ஒரே தடிப்பாக இழுத்தால் பைப் மாதிரி இருக்கும், காய் மாதிரி இருக்காது. முதலில் தரையில் பேப்பர் போட்டு, சுண்ணாம்பில் நனைத்த பிரஷ்ஷால் இருபது முப்பது மூ எழுது. நல்லதாக ஒன்று விழும். அதைப் போட்டோ எடுத்து மேலே வரைந்துகொள். பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டும் பார். அப்போதும் மூ தெரிந்தால் பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும். எங்களுக்குப் போன் கிடையாது, பஸ்தான் கணக்கு.

புள்ளியைச் சின்னதாக வைக்காதே. மழை வெயிலில் போர்டில் முதலில் அழிவது புள்ளிதான். மூக்கு என்பது மூககு ஆகிவிடும்.

ஓசூர் பஸ்

ஐயா, நான் சொன்ன கொக்கியை விட்டுவிடலாம், நீங்கள் சொன்னதுதான் சரி. உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். பீட்டில்ஸ் குழுவின் பெயரில் டி எழுத்தின் கால் மட்டும் மற்ற எழுத்துகளை விட நீளமாகக் கீழே இறங்கியிருக்கும். 1963இல் லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஐவர் ஆர்பிட்டர் காகிதத்தில் கிறுக்கிக் காட்டியது அது. அதை டிரம்மின் முன்தோலில் எழுதியவர் எடி ஸ்டோக்ஸ், போர்டு எழுதும் பெயின்டர். அந்தக் காலத்தில் அவர்களுடைய இங்கிலாந்து ஆல்பங்களின் அட்டையில் அந்த எழுத்து வரவே இல்லை. டிரம்மில் பார்த்துத்தான் ஜனங்கள் மனதில் பதிந்தது. உங்கள் தொழில்காரர் கை ஐயா அது.

டிடிபி அக்கா, கிருஷ்ணகிரி

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பழைய ஃபிளெக்ஸைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் காவி கரைத்து எழுதினேன். ஃபிளெக்ஸில் காவி நிற்கவில்லை, ஓடிவிட்டது. பழைய காலண்டர்களைப் பிரித்துப் பின்பக்கத்தில் எழுதினேன். 42 மூ. தம்பி எண்ணினான். முதல் இருபதும் நான் கணினியில் வரைகிற மூதான். கை வலித்து, யோசிப்பதை நிறுத்திய பிறகு எழுதியவை வேறு மாதிரி இருந்தன. முப்பத்தேழாவதை எடுத்திருக்கிறோம். வால் இறங்கும்போது பருத்து, இடது பக்கம் திரும்பிக் கூராக முடிகிறது. பையன்கள் பார்த்ததும் பம்பை வாசிக்கிறவன் "மாங்கா" என்றான். வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மற்ற நான்கு எழுத்தும் அனேக் தமிழ், நடுத்தரத் தடிமன். ஆனால் கையால் எழுதிய மூ பக்கத்தில் அவை விறைப்பாக நின்றன. அதனால் மூன்று ககரத்தின் நுனியையும் கேசட் அண்ணன் சொன்ன மாதிரி உளி வெட்டாகக் கொஞ்சம் தட்டையாக்கினேன், மூன்றும் ஒரே மாதிரி. புள்ளியைப் பெரிதாக்கி, மேல் வரியில் கிக்கும் ளிக்கும் நடுவில் இருந்த பள்ளத்துக்கு நேராக நகர்த்தினேன். அங்கே அது நன்றாகப் பொருந்துகிறது. பின்னணி கூழ் மஞ்சள், எழுத்து காயின் கரும்பச்சை. படம் எதுவும் இல்லை. தோப்புப் படம் ஒன்று எடுத்து வைத்திருந்தோம், நகம் அளவில் அது வெறும் புதராகத் தெரிந்தது, விட்டுவிட்டோம்.

சோதனைக்கு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போடாமல், போனைக் கை நீட்டிப் பிடித்து, "கிளிமூக்கு" என்றார். ளகரத்தோடு.

முப்பத்தேழாவது மூ இருக்கிற காலண்டர் தாளைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டப்போகிறேன். ஐயா, ஒரு கேள்வி. பீட்டில்ஸ் கதையைப் படித்ததிலிருந்து பம்பையில் இதே பெயரை உங்கள் கையால் எழுதி வாங்க வேண்டும் என்று பையன்கள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். தோலில் எனாமல் நிற்குமா? ஓசை கெடுமா?

சந்தூர் பெயின்டர்

தோலில் வேண்டாம் மா, இறுகிப்போகும். மரத்தில் எழுதலாம். வளைவான இடம், அதனால் கிளி ஒரு பக்கமும் மூக்கு ஒரு பக்கமும் போய்விடாமல் இரண்டு வரியாகவே எழுத வேண்டும். பழைய பிரஷ் இரண்டு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறேன். பம்பையைக் கொண்டுவரச் சொல். வரும்போது அந்த முப்பத்தேழாவது தாளையும் எடுத்து வா.